இன்ஸ்பெக்டரம்மாவுக்குச் செய்த பெட்டி

எந்த வாசலுக்குள் நுழைந்தாலும் எர்மீனியோ முதலில் இடது குதிகாலால் தரையில் இரண்டு முறை தட்டுவார். கோயில் வாசலிலும் தட்டுவார், பேருந்துப் படியிலும் தட்டுவார். ரொட்டிக் கடையில் அவருக்கு முன்னால் நிற்பவர்கள், யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்று நினைத்துத் திரும்பி முறைப்பார்கள். மனைவியைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவருகே நின்றுகூட இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே போனார். பத்தொன்பது வருடங்களாகப் பார்த்து வருகிறேன். ஒரு வாசலையும் அவர் சும்மா கடந்ததில்லை.

அந்தப் பழக்கம் கிடங்கில் வந்தது. எங்கள் ஊரின் ஜுருனாஸ் பகுதியில் ஆற்றுத்துறையை ஒட்டி மரவள்ளி மாவு இறக்கும் கிடங்கு ஒன்று இருந்தது. எர்மீனியோ அதன் காவலாள். இரவும் பகலும் அங்கேதான் இருப்பார், எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் போலத் தூளிகட்டி அங்கேதான் தூங்குவார். எலிக்காக உள்ளே ஒரு மலைப்பாம்பு இருந்தது. பாம்புக்குக் காது கிடையாது, தரை அதிர்வதுதான் அதற்குச் செய்தி.

"நான்தான் வரேன்னு சொல்லாம ஒரு பொம்பளை இருக்கிற இடத்துக்குள்ள போறது மரியாதையா?" என்பார். இரண்டு தட்டு என்றால் அவர். மற்றச் சத்தமெல்லாம் அன்னியர்.

ஆற்றின் மேலே எங்கிருந்தோ வந்த படகில், ஒரு மாவுக் கூடையின் இலை மடிப்புக்குள் சுருண்டபடி அது வந்து சேர்ந்ததாம். அப்போது கட்டைவிரல் பருமன். கூலியாட்கள் வெட்டப் போனபோது எர்மீனியோ தன் தொப்பியை அதன்மேல் கவிழ்த்து, அந்தத் தொப்பிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டாராம். வளர்ந்த பிறகு அது தினமும் பொழுது சாயும்போது மூட்டை வரிசைகளுக்கு நடுவே ஒரு சுற்றுப் போய் வரும். அதனால் இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர் வைத்தார். கூலியாட்கள் அதைக் கண்டால் சல்யூட் அடிப்பார்கள். "லஞ்சம் எலிதான், வேற எதையும் வாங்க மாட்டா" என்று எர்மீனியோ பெருமையாகச் சொல்வார்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு, பன்னிரண்டு வயதில் ஒஸ்மரீனா அம்மாளின், எங்கள் பேச்சில் தோனா ஒஸ்மரீனாவின், மூலிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆற்றங்கரைச் சந்தையில், படகுகளைக் கட்டி நிறுத்துகிற இடத்துக்கு எதிரே இருக்கிறது கடை. சனிக்கிழமைதோறும் கடைக்காரர்களின் சாப்பாட்டுக்கு மாவு வாங்கக் கிடங்குக்குப் போவேன். எனக்குச் சட்டென்று பேச வராது. அதனால் என்னிடம் எல்லாரும் பேசுவார்கள், எர்மீனியோவும் பேசுவார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பின்சுவரைப் பார்ப்பேன். அவ்வளவு பெரிய கிடங்கு முழுவதும் அதனுடையதாக இருந்தும், இன்ஸ்பெக்டரம்மா படுப்பது பின்சுவருக்கும் கடைசி மூட்டை வரிசைக்கும் இடையில் ஒரு சாண் அகல இடுக்கில். உடம்பு இரண்டு பக்கமும் அழுந்தும்படி திணித்துக்கொண்டு படுத்திருக்கும். மேலே ஓர் ஆணியில் அவருடைய வேர்வைச் சட்டை தொங்கும். பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அதைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

போன வருடம் மே மாதம் கிடங்கை விற்றுவிட்டார்கள். இடித்து வண்டிகள் நிறுத்தும் இடமாக்கப் போவதாகச் சொன்னார்கள். எர்மீனியோவுக்கு அப்போது அறுபத்தேழு வயது. சொந்த வீடு கிடையாது. மகள் ஜுசாராவின் வீடு கால்வாய்க்கு மேல் மரக்கால்களில் நிற்கும் இரண்டு அறை வீடு. பின்னால் துணி துவைக்க ஒரு பலகைத் தளம். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம் முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது.

நான் அன்று மாவுக்காகப் போயிருந்தேன். கடைசி மாவு. ஜுசாரா அப்பாவிடம் பேசுவதற்காகக் கிடங்குக்கே வந்திருந்தாள்.

"நீ வா அப்பா. நீ வராம எங்க போவ? அந்தப் பாம்புதான் யோசனையா இருக்கு."

"அவ என்ன, மூலையில கிடப்பா."

"இங்க மூலை இருக்கு. எங்க வீட்ல மூலையே இல்லையே, எல்லா மூலையிலயும் எதிவானோட சாமான்தான். குழந்தை வேற வரப் போகுது."

"இருபது வருஷம்மா. ஒரு ஆளைச் சீண்டியிருப்பாளா?"

ஜுசாரா வயிற்றில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு சொன்னாள்: "யோவான் திருநாளுக்கு முந்தின நாள் வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள அது தின்னுட்டு, அடங்கிக் கிடக்கணும். அடங்கலைன்னா எதிவான் என்ன செய்வானோ செய்யட்டும். நீ நடுவுல நிக்கக் கூடாது."

எதிவான் அவள் கணவன். படகு கட்டும் பட்டறையில் வேலை. அவன் என்ன செய்வான் என்பதை யாரும் சொல்லவில்லை. அவன் இடுப்பில் எப்போதும் வெட்டுக்கத்தி இருக்கும்.

எர்மீனியோ தலையாட்டினார். "அடங்குவா," என்றார். அந்த ஜூன் இருபத்துமூன்றாம் தேதிக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

பெட்டியை எதிவான்தான் செய்தான். நல்ல படகுப் பலகை, என் நெஞ்சு உயரம், ஓர் ஆள் கைகால் நீட்டிப் படுக்கும் நீளம். முன்பக்கம் முழுவதும் கம்பிவலை. "எங்களுக்கே இவ்வளவு பெரிய ரூம் கிடையாது மாமா," என்றான். கிடங்கில் இருந்தவளுக்கு இதுகூட இல்லாமல் எப்படி என்று எர்மீனியோ சொன்னதால்தான் அவ்வளவு பெரிதாகச் செய்தான். காற்று வரட்டும், நாலு பேரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று முன்னறையில் வாசலுக்கு எதிரே வைத்தார்கள்.

எங்கள் ஊரில் மணத்தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் யாரும் புது வீட்டுக்குக் குடிபோவதில்லை. புதுக் கடைக்கும் புதுப் படகுக்கும்கூட ஊற்றுவோம். அந்தத் தண்ணீரைச் செய்வது என் வேலை. வெட்டிவேரை நறுக்கி, பிரிபிரியோக்காக் கிழங்கைத் துருவி, இலைகளைக் கசக்கிப் போட்டு மூன்று நாள் வெயிலில் வைக்க வேண்டும். பலகையில் ஊற்றினால் ஒரு வாரத்துக்கு மணம் போகாது. எர்மீனியோவுக்காக நானே ஒரு பெரிய சீசாவில் எடுத்துக்கொண்டு போனேன். அவர் பெட்டியின் உள்ளும் புறமும் ஊற்றித் தேய்த்தார். கிடங்கிலிருந்து கொண்டுவந்த சாக்குகளைச் சோப்புப் போட்டு வெளுத்து, அதே தண்ணீரில் அலசி உள்ளே விரித்தார். தானும் குளித்து, தலை சீவி, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டார்.

"குடிவர்ற பொண்ணுக்கு மரியாதை பண்ண வேண்டாமா?" என்றார்.

இரண்டு சாக்குகள் கழுவாமல் மிஞ்சின. அதில் ஒன்றை ஜுசாரா பின்தளத்து ஆணியில் மாட்டி, குழந்தைக்குக் கிழித்து வைத்திருந்த பழைய துணிகளைப் போட்டு வைத்தாள். குழந்தையின் சின்னத் தூளிக்கான கொக்கியும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது.

முதல் வாரம் தெருவே வந்து பார்த்தது. புதிதாகக் குடிவந்தவர்களைப் பார்க்கப் போவது எங்கள் வழக்கம். வந்தவர்கள் கையில் ஏதாவது கொண்டு வந்தார்கள். ஒருத்தி கோழிக்குஞ்சு கொண்டு வந்தாள். பிள்ளைகள் வலையில் விரல் தட்டினார்கள். ஒவ்வொருவரும் குனிந்து, மூக்கு வலையில் படும்படி பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா பெட்டியின் நடுவில் நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும், கழுத்தை உயர்த்தி வைத்திருந்தது. கோழிக்குஞ்சு அதன் முதுகில் ஏறி நடந்து, அங்கேயே தூங்கிவிட்டது.

"பசியில்ல போல," என்றார் எர்மீனியோ.

பசி இல்லாமல் இல்லை. அது எங்கே ஒட்டிக்கொண்டு படுப்பது என்று தேடிக்கொண்டிருந்தது. பெட்டியில் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை எர்மீனியோ கடைக்கு வந்தார். குதிகாலைத் தட்டிவிட்டு, தோனா ஒஸ்மரீனாவிடம் விஷயத்தைச் சொன்னார். இன்னும் அடங்கவில்லை, இரவெல்லாம் வலையை உரசுகிறாள்.

தோனா ஒஸ்மரீனாவிடம் குறை சொல்லி ஜெயித்தவர்கள் சந்தையில் கிடையாது. ஒருமுறை ஒருத்தி, உன் தண்ணியை ஊத்தியும் ஓடிப்போன புருஷன் வரலையே என்று கேட்டதற்கு, "வராம இருக்கானே, அதுக்கு மேல என்னடி அதிர்ஷ்டம் வேணும் உனக்கு?" என்றவள் அவள். எர்மீனியோவிடமும் யோசிக்காமல் சொன்னாள்.

"அளவு பத்தலை. மூணு மீட்டர் உடம்பு, ஒரு சீசா எந்த மூலைக்கு? இல்டா, ரெட்டைப் பங்கு வேர் போடு. வெள்ளிக்கு வெள்ளி ஊத்துங்க."

நான் இரட்டைப் பங்கு போட்டேன்.

இரண்டாம் வெள்ளி நானே கொண்டுபோனேன். வீட்டுக்குள் நுழையும்போது பாம்பு பெட்டியின் பின்மூலையில் தலையைச் சுருளுக்குள் செருகி, கொஞ்சம் அசையாமல் கிடந்தது. எர்மீனியோ சீசாவைத் திறந்து சரித்தார். உடனே தலை வெளியே வந்தது. நாக்கு வெளியே வந்து வந்து போனது, எழுத்து தெரியாதவர்கள் எதையோ வாசிக்கப் பார்ப்பதுபோல. பிறகு நாக்கு வருவதே நின்றது. அது வலையில் மூக்கை வைத்துத் தள்ளத் தொடங்கியது.

மூன்றாம் வெள்ளியும் அதேதான். வியாழக்கிழமை வரை மணம் மெல்லக் குறையும், பாம்பு மெல்ல மூலைக்கு வரும். வெள்ளிக்கிழமை நாங்கள் ஊற்றுவோம். எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. கிடங்கில் அதற்குத் தெரிந்த உலகமே மாவு, சாக்கு, எலி, எர்மீனியோவின் வேர்வை, தன் உடம்பு, அவ்வளவுதான். அத்தனையையும் நாங்கள் வாரம் தவறாமல் கழுவிக்கொண்டிருந்தோம்.

கடைக்குத் திரும்பி, வேர் நறுக்கும் பலகைக்கு முன் உட்கார்ந்து, "தோனா ஒஸ்மரீனா, அந்தத் தண்ணி..." என்றேன்.

"அடடா, மூடி போட்ட சீசா பேசுது. என்னடி, தண்ணிக்கு என்ன?"

வேர் வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தீந்து போச்சு," என்றேன்.

"தீந்தா செய். அதுக்குத்தான உன்ன வெச்சிருக்கேன்?"

நான் செய்தேன். நாலாம் வெள்ளிக்கும் செய்தேன், ஐந்தாம் வெள்ளிக்கும் செய்தேன்.

ஜுசாராவிடம் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. பொரி என்று கூப்பிடுவார்கள். வீட்டில் உயரமாக எது இருந்தாலும் அதன்மேல் ஏறிப் படுக்கும். பெட்டி வந்த நாளிலிருந்து பெட்டியின் மேல் படுத்தது. அதன் வால் முன்பக்கம் வலைமேல் தொங்கும், தூக்கத்தில் இடமும் வலமும் ஆடும். அந்த வீட்டில் யாருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. வால் ஆடும் பக்கம் வலைக்குப் பின்னால் ஒரு தலையும் மெல்ல ஆடியதை நான் பார்த்தேன்.

ஆறாம் வாரம் பாம்பின் மூக்கு தோலுரிந்து சிவந்துவிட்டது. யார் கடந்து போனாலும் சீறியது. பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன் ஒரு சத்தம் போடுமே, அந்தச் சத்தம். ஜுசாரா முன்னறையில் உட்காருவதை விட்டுவிட்டாள். வாசலுக்கு வர வேண்டுமென்றால் எதிர்ச்சுவரை உரசிக்கொண்டு, வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு வருவாள்.  ஒருநாள் மாலை எதிவான் பின்தளத்தில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டினான். தீட்டி முடித்து, வழக்கம்போல இடுப்பில் செருகாமல், பெட்டிக்குப் பக்கத்தில் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தான். எர்மீனியோ அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார்.

என்னை வழியனுப்பப் பலகைப் பாலம் வரை வந்தபோது சொன்னார்: "நேத்து உள்ள கை விட்டேன் இல்டா. என் மேல சீறினா. யாரோ மாதிரி என்னைப் பாக்குறா."

அவர் மேல் வெட்டிவேர் மணந்தது. என் கையிலும் அதே மணம். நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

"எல்லாம் சரியாயிடும்னு சொல்லு புள்ள. நீ சொன்னா நான் நம்புவேன். நீதான் பொய் சொல்றதுக்குக்கூட வாயத் திறக்க மாட்டியே."

நான் தலையாட்டினேன். இன்றுவரை அதை நினைத்தால் கழுத்து கூசுகிறது.

யோவான் திருநாளுக்கு முந்தைய நாள் எங்கள் கடைக்கு வருடத்திலேயே பெரிய நாள். ஊரே தலையில் மணத்தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் நாள். அது அந்த வருடம் வெள்ளிக்கிழமையில் விழுந்தது. காலையிலிருந்து சீசா நிரப்பி நிரப்பி என் விரல்கள் ஊறிப்போயின. மதியம் இரண்டு மணிக்கு மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தபோது, எர்மீனியோவின் சீசாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். தெருவில் மாலையில் மூட்டும் திருநாள் நெருப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பலகைப் பாலம் என் காலடியில் அதிர்ந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. எர்மீனியோ இல்லை, கடைசி முயற்சியாக உயிருள்ள எலி தேடிச் சந்தைப் பக்கம் போயிருந்தார். எதிவான் பட்டறையில். ஜுசாரா தூளியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பெட்டியின் கீழ்மூலையில் வலை வெளியே பிதுங்கியிருந்தது. மூன்று ஆணிகள் தரையில் கிடந்தன. உள்ளே சாக்குகள் மட்டும் இருந்தன. பெட்டியின் மேல் பொரி இல்லை.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சீசாவைத் தரையில் வைத்தேன். ஜுசாராவின் தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. குனிந்து தூளிக்கு அடியில் பார்த்தேன். வெறும் பலகை. பலகை இடுக்கில் கீழே கால்வாய்த் தண்ணீர். பிறகுதான் அவள் மூச்சுக்குத் தூளி ஆடுகிறது என்று புரிந்தது. மழை பிடித்துக்கொண்டது.

பின்தளத்துக்குப் போனேன். குழந்தையின் துணிகள் தரையில் சிதறிக் கிடந்தன. ஆணியில் தொங்கிய சாக்கு கீழே இழுத்துப் பிடித்ததுபோல விறைத்து, உருண்டையாக இருந்தது. ஆணி வளைந்திருந்தது. சாக்கு ஒருமுறை மெல்ல உப்பியது, பிறகு வற்றியது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முன்வாசலில் இரண்டு தட்டு கேட்டது. சாக்கு ஒருமுறை அசைந்தது. பிறகு அடங்கியது.

எர்மீனியோ எலிக்கூண்டோடு பின்பக்கம் வந்தார், மழையில் முழுவதும் நனைந்திருந்தார். நான் விரலை மட்டும் நீட்டினேன். அவர் கூண்டைக் கீழே வைத்துவிட்டு, சாக்கின்மேல் வெளியிலிருந்து உள்ளங்கையை வைத்தார். சீறல் வரவில்லை. ஏழு வாரத்தில் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார்.

"அடங்கிட்டா," என்றார் மெதுவாக. கை சாக்கின்மேல் நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. அங்கே புடைப்பு பெரிதாக இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. "சாப்பிட்டிருக்கா இல்டா. தொட்டுப் பாரு. நல்லாச் சாப்பிட்டிருக்கா. இன்னிக்குத்தானே கடைசி நாள், ஜெயிச்சுட்டாளே."

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே ஜுசாரா எழுந்த சத்தம் கேட்டது. தட்டில் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது.

"பொரி. பொரி, வா. எங்கடி போன, பொரி."

அவர் கை சாக்கின்மேலேயே இருந்தது. சிரிப்பு மட்டும் போய்விட்டது.

எதிவான் மழைக்காகப் பட்டறையை மூடிவிட்டு அரை மணி நேரத்தில் வந்தான். பெட்டியைப் பார்த்தான், கதவுக்குப் பின்னால் கை விட்டுக் கத்தியை எடுத்தான். எர்மீனியோ சாக்குக்கு முன்னால் வந்து நின்றார்.

"நடுவுல நிக்க மாட்டேன்னு சொன்னீங்க மாமா."

"சொன்னேன். சாப்பிட்டா, அடங்கினா இருக்கலாம்னு ஜுசாராவும் சொன்னா."

"பூனைய சாப்பிட்டிருக்கு."

"பூனைன்னு யாரும் சொல்லலையே, எதைச் சாப்பிடணும்னு யாரும்..."  அவருக்கே தான் சொல்வது கேட்டது.

ஜுசாரா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். தரையில் கிடந்த துணிகளையும், காலியாக இருந்த சின்னக் கொக்கியையும் பார்த்தாள். "அப்பா, பொரி எவ்வளவு கனம் இருக்கும்?"

"மூணு கிலோ."

அவள் வயிற்றில் கை வைத்தாள்.  "வெட்ட வேணாம் எதிவான். ஆனா பொழுது சாயறதுக்குள்ள இது இந்த வீட்டை விட்டுப் போகணும். ஆத்துல விடுறீங்களோ, யார்கிட்ட குடுக்குறீங்களோ."

"கிடங்குல பொறந்து வளர்ந்தவ மாதிரிம்மா அவ. ஆத்துல விட்டா ஒரு வாரம் தாங்க மாட்டா," என்றார் எர்மீனியோ. எதிவான் இன்னும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "தண்ணிதான் காரணம்," என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "வாசனை போட்டுப் போட்டு அதுக்கு வீடே தெரியாமப் பண்ணிட்டோம். பெட்டி பெருசு, ஒட்டிக்க இடம் இல்ல. எல்லாரும் போய்ப் போய்ப் பாத்தோம். இந்தச் சாக்கு கழுவாத சாக்கு. அதான் இங்க வந்திருக்கு. அஞ்சு மணிக்கு சேயு நபோரோட படகு போகும். நான் கேட்டுப் பாக்குறேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் மழையில் ஓடினேன். நபோர், மரியாதைக்குச் சேயு என்று கூப்பிடுவோம், எதிர்க்கரைத் தீவிலிருந்து எங்கள் கடைக்கு வேரும் கிழங்கும் கொண்டு வருபவர். பதினைந்து வருடமாக அவர் எடை போடுவார், நான் வாங்கி வைப்பேன், ஒரு வார்த்தை பேசியதில்லை. படகுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தவரிடம் மூச்சிரைக்கக் கேட்டேன்.

"சேயு நபோர், உங்க கிடங்குல எலி இருக்கா?"

அவர் தார்ப்பாயை விட்டுவிட்டார். "பேசுவியா நீ? என் பொண்டாட்டி நீ ஊமைன்னு பந்தயமே கட்டியிருக்கா. எலியா? எலி எனக்கு வாடகை கேக்குது. எதுக்கு?"

சொன்னேன். பூனையைப் பற்றியும் சொன்னேன். மறைக்கவில்லை. அவர் தாடையைச் சொறிந்தார். "எங்க வீட்ல சின்னப் பிள்ளை கிடையாது. கிடங்கும் வீட்டுக்கு எட்டத்தான் இருக்கு. ஆனா பாம்புக்கு மட்டும் இடம் இல்ல. அதப் பாத்துக்க ஆளும் கூட வரணும்," என்றார்.

ஐந்து மணிக்கு மழை விட்டிருந்தது. எர்மீனியோ சாக்கின் வாயைக் கட்டி, குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு துறைக்கு வந்தார். எதிவான் அவருடைய தூளியையும் துணி மூட்டையையும் கொண்டுவந்து கொடுத்தான். தெருவெங்கும் நெருப்பு பற்றவைக்கத் தொடங்கியிருந்தார்கள். காற்று முழுவதும் என் கையால் செய்த தண்ணீரின் மணம்.

படகுப் பலகையில் கால் வைக்கும் முன் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணாவது வெள்ளிக்கிழமை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். பலகையில் குதிகாலால் இரண்டு முறை தட்டிவிட்டு ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு ஒருமுறை கிழங்கு எடுக்கத் தீவுக்குப் போனபோது அந்தக் கிடங்கைப் பார்த்தேன். பெட்டி எதுவும் இல்லை. பின்சுவருக்கும் மரவள்ளி மூட்டை அடுக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார். உள்ளே அதே பழைய சாக்கு, மேலே ஆணியில் துவைக்காத சட்டை. கிட்டே போக வேண்டாம் என்று கையால் காட்டினார். பத்தடியில் நின்றேன். இடுக்கின் இருட்டில் ஒரு வளைவு மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. வீட்டில் ஜுசாரா அதற்குப் பயந்தாள், இந்த முறை பயந்தவர் அவர்தான். பேசும்போது அடிக்கடி தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டார். பழைய கிடங்கில் இருந்த காலமெல்லாம் அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

ஜூலை கடைசியில் ஜுசாராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். தாதி எடை போட்டு, மூன்று கிலோ நூறு என்றாள். நல்ல கனம் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஜுசாரா மட்டும் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இப்போது அந்தக் குழந்தைக்கு ஒரு வயது மூன்று மாதம். இன்ஸ்பெக்டரம்மா மூன்று வாரத்துக்கு ஒரு முறை எலி தின்கிறது, மூக்கு ஆறிவிட்டது. எர்மீனியோ ஞாயிற்றுக்கிழமைப் படகில் வருகிறார். மகள் வீட்டு வாசலில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிற்பார், ஜுசாரா ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வேறு சட்டையும் கொடுப்பாள். பாம்பு வாடை போகக் குளித்த பிறகுதான் பேத்தியை அவர் கையில் கொடுப்பாள். சாயங்காலம் தீவில் இறங்கியதும், கிடங்குக்குள் போவதற்கு முன்னால், அந்தச் சோப்பு மணம் போக ஆற்றில் முழுகிக் குளிக்கிறாராம், நபோர் சொன்னார். ஜுசாரா வேறு பூனை வளர்க்கவில்லை. அவர்கள் வீட்டுப் பலகைக்கு அடியில் இப்போது எலிகள் இருக்கின்றன. நான் கடையில் சீசா நிரப்புகிறேன்.